எந்தத் தோட்டத்துக் காய்? யுஎஸ்டிடி விற்று வங்கிக் கணக்கு முடங்கிய அனுபவம்

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. குமுளியில் இருக்கும் எங்கள் ஏலக்காய்க் கொட்டகையில் வாரக்கூலி கொடுக்கும் நாள். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் 14 பெண்கள் வேலையை முடித்து, தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். எல்லாரும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தினமும் மலையேறி வருபவர்கள். ஆளுக்கு 2,700 ரூபாய் வீதம் 37,800 ரூபாய் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கையிலும் மீதிப் பேருக்குக் கைபேசி வழியாகவும் கொடுப்பது வழக்கம். முதல் பெயருக்குப் பணம் அனுப்பியபோது பரிவர்த்தனை மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மறுபடி அனுப்பினேன், அதே செய்தி. இருப்பைப் பார்த்தால் 6,12,000 ரூபாய் அப்படியே இருந்தது. முந்தைய வாரம் ஏலத்தில் விற்ற காய்க்கு வந்த பணம் அது. அதில் பெரும்பகுதியை நான் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

"தம்பி, ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறான்," என்று அவர்களில் மூத்த அக்கா மெதுவாகச் சொன்னார். பக்கத்து மளிகைக்கடைக்காரரிடம் கைமாற்று வாங்கி அவர்களை அனுப்பி வைத்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் ஓணம். அதற்கான முன்பணமும் அந்தச் சனிக்கிழமையே தருவதாகச் சொல்லியிருந்தேன், தர முடியவில்லை.

அன்று ஐந்தாவது சனி என்பதால் வங்கி திறந்திருந்தது. மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். என் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருந்தது. வட மாநிலம் ஒன்றின் சைபர் குற்றப் பிரிவிலிருந்து வந்த கடிதத்தின்பேரில் அப்படிச் செய்திருப்பதாகச் சொன்னார். புகார் எண், காவல் நிலையத்தின் மின்னஞ்சல் முகவரி, எந்தத் தேதியில் வந்த எந்தத் தொகை என்ற விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் 20 அன்று வந்த 40,000 ரூபாய். அந்தத் தேதியைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றுதான் நான் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் 2,000 விற்றேன்.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிரிப்டோ என்றாலே நாணயத்தின் விலை விழுந்து பணம் போவதைத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நாணயத்தை விற்று ரூபாயாக மாற்றும் இடத்தில் இருக்கும் ஆபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம், போடி வட்டாரத்தில் மட்டும் இதே போலக் கணக்கு முடங்கிய நான்கு பேரை இப்போது எனக்குத் தெரியும். நால்வரும் ஏதாவது ஒரு வியாபாரம் செய்பவர்கள். நால்வருக்கும் வியாபாரப் பணமும் கிரிப்டோப் பணமும் ஒரே கணக்கில்தான் இருந்தன.

நான் 2021இல் பிட்காயின் வாங்கினேன். ஏலக்காய் விலை எப்படி ஏறி இறங்கும் என்று பார்த்து வளர்ந்தவன் என்பதால் விலை ஆட்டம் எனக்குப் புதிதாக இல்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரத்தை ஒட்டி விழுந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். 2023இல் பிட்காயினை யுஎஸ்டிடியாக மாற்றி, கிரிப்டோ வாங்கி விற்கும் வெளிநாட்டுப் பரிமாற்றகம் ஒன்றில் வைத்தேன். யுஎஸ்டிடி என்பது டெதர் நிறுவனம் வெளியிடும் நாணயம், ஒன்றின் மதிப்பு ஒரு அமெரிக்க டாலரை ஒட்டியே இருக்கும். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்ட செய்தி வந்தபோது, எதையும் எந்தப் பரிமாற்றகத்திலும் விட்டுவைக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. காய்ப் பருவம் தொடங்கியிருந்தது, முதலுக்கும் பணம் தேவைப்பட்டது. விற்றுவிட முடிவு செய்தேன். இதுவரை எடுத்த முடிவுகளில் தவறு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

தவறு விற்ற முறையில் நடந்தது. பரிமாற்றகத்தில் ஆளுக்கு ஆள் விற்கும் பகுதி இருக்கிறது, அதைப் பி-டு-பி என்பார்கள். விற்பவர் நாணயத்தைப் பரிமாற்றகம் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குபவர் நம் வங்கிக் கணக்குக்கு நேரடியாக ரூபாய் அனுப்புவார். பணம் வந்தது என்று நாம் ஒப்புக்கொண்டதும் நாணயம் அவருக்குப் போய்விடும். ஏற்பாடு பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். பரிமாற்றகம் பாதுகாப்பது நாணயத்தை மட்டும்தான். ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதை அது பார்ப்பதில்லை, பார்க்க அதற்கு வழியும் இல்லை.

அன்று வங்கியில் டாலர் மதிப்பு 84 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பி-டு-பியில் பலரும் 89, 90 என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் 92 தருவதாகப் போட்டிருந்தார். 2,000 யுஎஸ்டிடிக்கு 1,84,000 ரூபாய். பணம் மூன்று தவணையாக ஐஎம்பிஎஸ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றம் வழியாக வந்தது: 84,000, 60,000, 40,000. மூன்றும் மூன்று பெயரில் இருந்த கணக்குகளிலிருந்து வந்திருந்தன, அவற்றில் ஒன்றுகூட வாங்குபவர் பெயரில் இல்லை. கேட்டதற்கு, தினசரி வரம்பு முடிந்துவிட்டதால் அண்ணன், மாமா கணக்குகளிலிருந்து அனுப்பியதாக எழுதினார். வாங்குபவர் தன் பெயரில் உள்ள கணக்கிலிருந்துதான் பணம் அனுப்ப வேண்டும் என்ற விதி அந்தத் திரையிலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது. அதைப் படித்தும் நான் நாணயத்தை விடுவித்தேன்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு தவறை நான் செய்யமாட்டேன். மலையில் காய் திருட்டு உண்டு. இரவில் செடியிலிருந்து பறிப்பவர்கள் இருக்கிறார்கள், காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரில் உலர்ந்த காயை மூட்டையோடு தூக்குபவர்களும் இருக்கிறார்கள். அறியாமல் வாங்கினேன் என்று சொன்னாலும் மூட்டை போகும், கொடுத்த பணமும் போகும், காவல் நிலையத்தில் போய் நிற்கவும் வேண்டும். அதனால் முன்பின் தெரியாத ஒருவர் மூட்டையோடு வந்தால், என் அப்பா காயைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்பார்: "எந்தத் தோட்டத்துக் காய்? யார் ஸ்டோரில் காய்ந்தது?" பதில் தடுமாறினாலும் சந்தை விலையைவிடக் குறைத்துக் கேட்டாலும் மூட்டையை இறக்கவே விடமாட்டார். நானும் 20 ஆண்டுகளாக அப்படித்தான் வாங்குகிறேன். கைபேசியில் வந்த 1,84,000 ரூபாய்க்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. சந்தையைவிட 2 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவரும் திருட்டுப் பொருளைத் தள்ளிவிட வந்தவரே. காயை மலிவாகக் கொடுத்துத் தள்ளுவதுபோல, அவர் ரூபாயை மலிவாகக் கொடுத்துத் தள்ளினார்.

அந்தப் பணம் எப்படிச் சுற்றி வருகிறது என்பதைப் பின்னால் வழக்கறிஞரும் விசாரணை அதிகாரியும் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கோ ஒருவரை ஏமாற்றி அவர் கணக்கிலிருந்து பணத்தை வாங்குகிறார்கள். அது முதலில் கூலிக்கு எடுத்த ஒரு கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிகிறது. கடைசியில் என்னைப் போன்ற விற்பனையாளருக்கு வருகிறது. நான் நாணயத்தை விடுவித்ததும் அவர்கள் கையில் இருப்பது, எந்த வங்கியாலும் திரும்ப எடுக்க முடியாத யுஎஸ்டிடி. பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்தாலோ தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தாலோ, பணம் நகர்ந்த பாதையில் உள்ள வங்கிகளுக்கு அடுத்தடுத்துத் தகவல் போகிறது. காவல்துறை ஒவ்வொரு கணக்கையும் ஒரு அடுக்கு என்று எண்ணுகிறது. நான் மூன்றாவது அடுக்கு. அடுக்கில் இருப்பவர் திருடனா வியாபாரியா என்பது கணினிக்குத் தெரியாது.

விற்பவர் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். நாம் கொடுத்த நாணயம் ஒருவழிப் பாதையில் போய்விட்டது. நாம் வாங்கிய ரூபாயை மட்டும் பதினொரு நாள் கழித்தும், சில வேளைகளில் பல மாதம் கழித்தும், பிடித்து நிறுத்த முடியும்.

வங்கியில் முதலில் என்னிடம் சொன்னது, கிரிப்டோவே சட்டவிரோதம், அதனால் யாரும் உதவ முடியாது என்பதுதான். அது சரியல்ல என்பதை அங்கேயே நின்று சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் தெரிந்திருந்தது பிறகு மிகவும் பயன்பட்டது. வங்கிகள் கிரிப்டோத் தொழிலுக்குச் சேவை செய்யக்கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத் தொகையில் டிடிஎஸ் என்று முன்பே பிடிக்கும் 1 சதவீத வரிப் பிடித்தமும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் பரிமாற்றகங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவிடம் பதிவு செய்ய வேண்டும். ரூபாயைப் போலச் செல்லும் பணம் என்று இதை எந்தச் சட்டமும் ஏற்கவில்லை, வைத்திருப்பதைத் தடை செய்யவும் இல்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஒரு சொத்தாகவே கருதலாம் என்று தீர்ப்பளித்தது.

என்னைக் காப்பாற்றியது தாள்கள்தான். 2021இல் பிட்காயின் வாங்கிய ரசீது, 2023இல் மாற்றியதற்கான பதிவு, அந்த மாற்றத்தையும் விற்பனையாகக் காட்டி 2024 ஜூலையில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு எல்லாம் கையில் இருந்தன. நாணயத்துக்கு நாணயம் மாற்றினாலும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டாமல் விட்டிருந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. பி-டு-பி விற்பனையின் ஆர்டர் எண், வாங்கியவரோடு நடந்த முழு உரையாடல், அவருடைய பக்கத்தில் இருந்த பெயர், நாணயம் விடுவிக்கப்பட்ட நேரம் ஆகியவற்றைப் படமெடுத்து வரிசைப்படுத்தினேன். இவற்றை அன்றன்றே எடுத்து வைத்துவிட வேண்டும். கணக்கு முடங்கியபின் நான் தேடியபோது வாங்கியவர் தன் பக்கத்தையே அழித்துவிட்டிருந்தார். உரையாடல் மட்டும் என் பக்கத்தில் எஞ்சியிருந்தது.

என் கணக்கு கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில், புகார் மூன்றாவது மாநிலத்தில். எல்லையில் வாழ்பவர்களுக்கு இது வழக்கமான சிக்கல்தான். கம்பம் காவல் நிலையத்தில் குமுளிக்குப் போகச் சொன்னார்கள். குமுளியில், புகார் எங்கே இருக்கிறதோ அங்கே எழுதச் சொன்னார்கள். இரண்டு நாள் இப்படி மலை ஏறி இறங்கினேன். உண்மையில் நான் பேச வேண்டிய இடங்கள் இரண்டு: கணக்கு இருக்கும் வங்கிக் கிளை, புகாரைப் பதிந்த காவல் நிலையம். விசாரணை அதிகாரிக்குத் தாள்களை எல்லாம் இணைத்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். எனக்கு இந்தி வராது. எங்களிடம் காய் கொண்டுவரும் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றிச் சொன்னார்.

கட்டப்பனையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்ததுதான் திருப்பம். இத்தகைய முடக்கங்கள் தொடர்பான மனுக்களை 2023இல் விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், காவல்துறை குறிப்பிடும் தொகை அளவுக்கு மட்டும் முடக்கத்தைச் சுருக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் ஒரு வழக்கில் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயங்கவிட்டது. புகாரில் இருப்பது 40,000 ரூபாய், முடங்கியது 6,12,000 ரூபாய். அந்தத் தீர்ப்புகளைச் சுட்டி வங்கிக்கும், அதன் தலைமை அலுவலகக் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், விசாரணை அதிகாரிக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து 40,000 தவிர மீதி என் கைக்கு வந்தது. அந்த ஏழு வாரமும் காய் கொடுத்த விவசாயிகளிடம் நேரில் போய்த் தவணை கேட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர்களில் இருவர் அந்தப் பருவம் முழுக்க வேறு வியாபாரிக்குக் காய் போட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கணக்கு முடங்கிய மூன்றாம் நாளிலிருந்து வேறு வகை அழைப்புகள் தொடங்கின. 15,000 ரூபாய் கொடுத்தால் இரண்டே நாளில் முடக்கத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் காவல் அதிகாரி என்றே பேசி, புகார்தாரரோடு சமரசம் செய்துவைப்பதாகவும் அதற்கான பணத்தைத் தான் சொல்லும் யுபிஐ முகவரிக்கு அனுப்பும்படியும் சொன்னார். நொந்திருக்கும் நேரத்தில் இத்தகைய குரலை நம்பத் தோன்றும் என்பதை என்னால் இப்போது முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. வங்கி கொடுத்த கடிதத்தில் இருந்த மின்னஞ்சலைத் தவிர வேறு எதற்கும் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்ததால் தப்பினேன். நாணயத்தை இழந்தவர்களிடமும் அதை மீட்டுத் தருவதாக இப்படி வருவார்கள். முன்கூட்டியே கட்டணம் கேட்பவர் எவரும் மீட்டுத் தரப்போவதில்லை.

இதன் பிறகு உறவிலும் நட்பிலும் பலர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். அவற்றில் மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

என் மைத்துனர் 850 யுஎஸ்டிடியை இழந்தது கண்ணால் பார்த்தே ஏமாறிய கதை. யுஎஸ்டிடி அனுப்பப் பயன்படும் ட்ரான் வலையமைப்பில் ஒரு பணப்பையின் (வாலட்) முகவரி 34 எழுத்து நீளம், 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அவர் எச்சரிக்கையாக முதலில் 10 யுஎஸ்டிடியைத் தன்னுடைய இன்னொரு பணப்பைக்கு அனுப்பிப் பார்த்தார், சரியாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மீதியை அனுப்ப, பரிவர்த்தனைப் பட்டியலில் மேலே இருந்த முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டினார். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் அதேதான். நடுவில் இருந்தவை வேறு. இடைப்பட்ட நேரத்தில் மோசடிக்காரர் அதே தோற்றமுள்ள ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து மிகச் சிறிய தொகையை இவருக்கு அனுப்பிப் பட்டியலின் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருவரும் இரண்டு முகவரிகளையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தபோது ஐந்தாவது எழுத்தில் விரல் நின்றது. முகவரியைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது. பெறுபவரின் பணப்பையிலிருந்தோ, முன்பே பெயரிட்டுச் சேமித்த முகவரிப் புத்தகத்திலிருந்தோ எடுத்து, முழுவதையும் படித்துவிட்டு அனுப்ப வேண்டும். எந்த வலையமைப்பு என்பதையும் இரு பக்கமும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா மகனுக்கு நடந்தது இன்னும் எளிய ஏமாற்று. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வாங்குபவர் அனுப்பினார், அதே நொடியில் வங்கியிலிருந்து வருவதுபோலவே ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. அது பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கியின் செய்தி அப்படி வராது. ஆனால், விடுவிக்கத் தாமதித்தால் புகார் செய்வேன் என்று மறுபக்கம் அவசரப்படுத்தியதில் அவன் அதைக் கவனிக்கவில்லை. வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பு கூடியிருக்கிறதா, அனுப்பியவர் பெயர் எது என்று பார்க்கும் வரை நாணயத்தை விடக்கூடாது. அவசரப்படுத்துபவருக்குக் கூடுதலாகத் தாமதிக்கலாம். பணத்தைப் பெறுவதற்கு நாம் யுபிஐ ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. அதை இடச் சொன்னால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

மூன்றாவது, எங்கள் தெருவில் இருக்கும் செவிலியர் ஒருவருடைய அனுபவம். டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்து, அவர்கள் அனுப்பிய இணைப்பிலிருந்து ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் 5,000 போட்டு 6,200 எடுத்திருக்கிறார். அந்த ஒருமுறை பணம் திரும்பக் கைக்கு வந்ததுதான் தூண்டில். பிறகு நகையை அடகு வைத்துப் போட்ட பணம் செயலியில் பல மடங்காகத் தெரிந்தது. எடுக்கப் போனபோது 30 சதவீத வரியை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். 30 சதவீத வரி என்று அவரும் எங்கோ கேள்விப்பட்டிருந்ததால் நம்பிக் கட்டினார். அந்த வரியை நாம் கணக்குத் தாக்கல் செய்யும்போது வருமான வரித்துறைக்குக் கட்டுகிறோம். 1 சதவீத டிடிஎஸ் விற்கும் தொகையிலிருந்தே பிடிக்கப்படும். நம் பணத்தை எடுக்க நம்மிடமே வரி கேட்கும் பரிமாற்றகம் கிடையாது. அவர் வெட்கப்பட்டு இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அன்றே 1930ஐ அழைத்திருந்தால் ஒரு பகுதியாவது வழியில் நின்றிருக்கக்கூடும். வெட்கம் நமக்கு உரியதல்ல என்பதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் ஒன்றை எல்லைப்புறத்து இளைஞர்களுக்காகச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாதம் கொடுக்கும் பழக்கம் இங்கேயும் வந்திருக்கிறது. கேம் விளையாட்டுப் பணம், கிரிப்டோக் கமிஷன் என்று ஏதோ ஒரு பெயரைச் சொல்வார்கள். திருட்டுப் பணம் முதலில் இறங்கும் கணக்கு அதுதான். முதல் அடுக்கில் இருப்பவருக்கு என்னைப் போலக் கணக்கு முடங்குவதோடு முடியாது, அவர் பெயர் குற்றவாளியாகவே வழக்கில் சேரும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைத் தேடி வேற்று மாநிலக் காவலர்கள் கூடலூருக்கு வந்ததை நான் பார்த்தேன். அவன் அம்மா எங்கள் கொட்டகையில் முன்பு வேலை செய்தவர்.

இப்போது நான் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்தியப் பரிமாற்றகத்தில் மட்டும் விற்கிறேன். விலை குறைவு, 1 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பிடித்தம் என் வரிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ரூபாய் பரிமாற்றகத்திலிருந்தே என் கணக்குக்கு வருவதால், யாருடைய பணம் என்ற கேள்விக்குத் தாளில் பதில் இருக்கிறது. அதற்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், கூலிப் பணமும் ஏலப் பணமும் அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. உடனே விற்காமல் வைத்திருப்பதை என் சொந்தப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பணப்பையைத் திறக்கும் சாவியான 12 சொற்களைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், கைபேசியில் படமாகக்கூட வைக்கவில்லை. அந்தச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் திருட வந்தவர்.

பி-டு-பியில்தான் விற்க வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். கேட்காதவர்களுக்காவது இது பயன்படட்டும்: பணம் வேறு பெயரிலிருந்து வந்தால் நாணயத்தை விடாமல், பரிமாற்றகத்தில் முறையீடு பதிந்துவிட்டு, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். தவறி வந்துவிட்டது, இந்த வேறு எண்ணுக்கு அனுப்புங்கள் என்று அவர் சொன்னால் அது அடுத்த பொறி. அப்படி அனுப்பினால் பணத்தைக் கைமாற்றிய ஆளாக நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

நின்றிருந்த 40,000 ரூபாய் குறித்து அந்த மாநில நீதிமன்றத்திலிருந்து 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. எதிர்க்க விரும்புகிறேனா என்று வழக்கறிஞர் கேட்டார். நான் நாணயத்தைக் கொடுத்துதான் அந்தப் பணத்தை வாங்கினேன் என்று வாதாட இடம் இருந்தது. அதற்கு முன் விசாரணை அதிகாரியை ஒருமுறை அழைத்து, புகார் கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவர், அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டி 3,20,000 ரூபாய் பறித்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஜார்க்கண்ட் இளைஞர் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும், எதிர்க்கவில்லை என்று எழுதி அனுப்பச் சொன்னேன். மார்ச் மாதம் என் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் வெளியேறியது. அது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு மறுபடியும் அழைத்தேன். சேர்ந்தது, மீதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் அதிகாரி.